எனக்காகக் கேட்க ஓர் ஆள்

பதினொரு வினாடி. பயிற்சி நடத்த வந்த பெண் கைப்பேசியைத் தூக்கிக் காட்டி அதைச் சொன்னபோது அறையில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

போர்ட்டிக்சனில் கடலைப் பார்த்த ஹோட்டல். கடலைப் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னல் திரையை இழுத்து மூடி, கை விறைக்கிற அளவுக்குக் குளிர்சாதனத்தையும் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் மென்திறன் பயிற்சி. எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு சூப்பர்வைசர் இடம் காலியாகப் போகிறது, அதற்கு மனுப் போட்டவர்களை முதலில் இங்கே அனுப்பிவிட்டுப் பிறகு நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

பயிற்சி சுலபம்தான். முதலில் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். பிறகு தன்னைப் பற்றி ஒரு நிமிடம்.

என் பக்கத்தில் இருந்தவள் பரமேஸ்வரி. பரமு. சிரம்பான் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், பேக்கிங் பிரிவு. தினமும் அவள் காரில்தான் நான் வேலைக்குப் போய் வருவேன். அவளைப் பற்றி நான் பேசியதில் அந்தப் பயிற்சியாளர் கைதட்டினாள். நேரம் முடிந்தும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். பரமுவே, "ஏய், போதும்லா, எனக்கே கூச்சமா இருக்கு," என்று என் முந்தானையை இழுத்தாள்.

அடுத்து என் முறை.

"என் பேரு சரஸ்வதி. கியூசி பிரிவு. பன்னெண்டு வருசமா இருக்கேன்," என்றேன். அப்புறம் வாய் மூடிக்கொண்டது. அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டி ஊக்கம் கொடுத்தாள். நான் மூடிய திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடத்தில் நான் பேசியது அந்தப் பதினொரு வினாடிதான்.

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹோட்டல் வாசலில் மேலும் கீழுமாக நடந்தேன். காவலாளி இரண்டு முறை வந்து, டாக்சி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த இடம் எனக்கு எதற்கு

பதவி ஆசை என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்? எனக்கு மேலே வந்த மூன்று சூப்பர்வைசர்களுக்கு நான்தான் வேலை கற்றுக் கொடுத்திருந்தேன்.

ஆனால் முக்கியமான காரணம் வேறு. சூப்பர்வைசருக்குப் பகல் வேலை மட்டும்தான். எங்களுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கணவர் லோரி ஓட்டுகிறவர், ஜொகூருக்குப் போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். அம்பாங்கானில் எங்கள் வீட்டில் நானும் மகள் யாழினியும்தான். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. என் இரவு வாரங்களில் அவள் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் மாக் நோர் வீட்டில் படுத்துக்கொள்வாள்.

மாக் நோர் தங்கமான மனுஷி. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாழினி கேட்பாள்: "அம்மா, இந்த வாரம் நம்ம வீடா, அவங்க வீடா?"

சாதாரணமாகத்தான் கேட்பாள். பள்ளிக்கூடத்துக்கு என்ன சட்டை என்று கேட்கிற குரல்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னைக்கு யாருக்கு?"

இவ்வளவு தேவை இருந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? இதைச் சொல்ல நான் கோலா பிலாவுக்குப் போக வேண்டும். நான் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். அப்போது பாதி ரப்பர்ப் பால்மரம், பாதி செம்பனை.

தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. எவரும் தனக்காகத் தானே போய்க் கேட்க மாட்டார்கள். லீவு வேண்டுமா, வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, பால் வெட்ட வேறு காட்டுக்கு மாற்ற வேண்டுமா, எதுவானாலும் இன்னொருவர்தான் ஆபீசுக்குப் போய்ப் பேச வேண்டும். தனக்கென்று கேட்கிறவளை வெட்கம் கெட்டவள் என்பார்கள்.

அதில் ஒரு சூட்சுமமும் இருந்தது. தோட்டத்துத் துரை மாட்டேன் என்று சொல்லிவிட்டால், கேட்டவளுக்கு அவமானம் இல்லை, ஏனென்றால் அது அவள் விஷயம் இல்லை. விஷயத்துக்குச் சொந்தக்காரிக்கும் அவமானம் இல்லை, ஏனென்றால் அவள் அங்கே நிற்கவே இல்லை. யாருக்கும் முகம் வாடாது. நல்ல ஏற்பாடுதான்.

படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தில், அந்தப் பேசப் போகிற ஆள் நான்தான். மலாய் வரும், ஆங்கிலம் ஓரளவு வரும், பயம் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆபீஸ் படி ஏறுவேன். கணக்கு எழுதும் கிராணி தலையைத் தூக்காமலே, "இன்னைக்கு யாருக்கு?" என்பார்.

அஞ்சலை அக்காவுக்குப் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளை பெற்று மூன்று மாதம், இடுப்பு வலி. பால் வெட்ட அவளுக்கு மேட்டுக் காட்டில் மரம் கொடுத்திருந்தார்கள். ஏறவே முடியவில்லை. நான் துரையிடம் போய் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழையைப் பற்றி ஆரம்பித்தேன். மழைக்கு மேட்டில் வழுக்குகிறது என்றேன். நேற்று ஒருத்தி வாளியோடு சறுக்கி அரை வாளிப் பால் மண்ணில் போனது என்றேன். அஞ்சலை வேகமாக வெட்டுகிறவள், அவளைச் சமதரையில் விட்டால் இன்னும் பத்து மரம் கூட வெட்டுவாள் என்றேன். மறுநாளே மாற்றிவிட்டார்கள்.

பல வருடம் கழித்து, கேட்பவருக்கு என்ன லாபம் என்பதிலிருந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று அந்த ஹோட்டல் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா கடலை மறைத்துத் திரையை மூடினீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

முனியாண்டி மாமாவின் காய்ச்சல்

அதே ஆபீசில் ஒரு நாள் டைப் அடிக்க ஆள் தேவைப்பட்டது. எனக்கு டைப்பிங் தெரியும். வாரா வாரம் அந்தப் படி ஏறுகிறவள் நான். எனக்கு அந்த வேலை மேல் உயிர். இருந்தாலும் வாய் திறக்கவில்லை.

எனக்காகப் பேச அப்பா பக்கத்து வீட்டு முனியாண்டி மாமாவைப் பிடித்தார். அவரும் சரி என்றார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. நான் அவர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய்க்குள் வெப்பமானியை வைத்துக்கொண்டு அவர் கையால் ஜாடை காட்டினார், நாளைக்கு நிச்சயம் போகிறேன் என்று.

மூன்றாம் நாள், ஆட்களிடம் வேலை வாங்குகிற மண்டோர் ஒருவரின் மருமகளை வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வேறு ஒருவருடைய விஷயமாக நான் ஆபீசுக்குப் போனபோது கிராணி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"நீ டைப்பிங் படிச்சவளாமே. வாரா வாரம் வர்றியே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு நானே எப்படிங்க கேக்கறது?"

"அதுவும் சரிதான்," என்று மறுபடி குனிந்துகொண்டார்.

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது பாருங்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேலா, மாமாவின் காய்ச்சல் மேலா, என் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்குப் போய் இருந்த துணியை எல்லாம் எடுத்துத் துவைத்தேன், துவைத்ததையும் சேர்த்து.

பரமுவை அனுப்பினேன்

இவ்வளவு பட்டவளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயிற்சி முடிந்து திரும்பிய வாரம் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கள் மேனேஜர் ஹாலிமிடம், மலாயில் மரியாதையாக என்சிக் என்போம், எனக்காகப் பேசச் சொல்லிப் பரமுவை அனுப்பினேன்.

காரில்தான் சொன்னேன். அவள் பிரேக்கை அழுத்திவிட்டாள்.

"ஏன், ஒனக்கு வாய் இல்லியா? நீயே போய் கேளுலா."

"அது நல்லா இருக்காது பரமு. நீ சொன்னா எடுபடும். எடுத்த எடுப்புல கேட்டுறாத. மொதல்ல வேற எதாச்சும் பேசு. மழை கிழைன்னு."

"ஃபேக்டரிக்குள்ள என்னா மழை?"

இருந்தாலும் போனாள். நல்ல மனசு. நான் மேசையில் கையுறைகளில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எதில் சொட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. அன்று ஒரே கையுறையை மூன்று தடவை நிரப்பினேன்.

சாயங்காலம் காரில் ஏறியும் பரமு வண்டியை எடுக்கவில்லை.

"சொல்லு," என்றேன்.

"மொதல்ல, நீ எனக்குச் சொந்தமான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்புறம், இதென்ன கேபிளான்னு கேட்டாரு."

சிபாரிசுக்கு எங்கள் ஊரில் கேபிள் என்று பெயர். எனக்குக் காது சுட்டது.

"அப்புறம்?"

"விடு சரசு."

"சொல்லுன்னா சொல்லு."

"தனக்காக வாய் தெறக்காதவ, கீழ இருக்கற நாப்பது பேருக்காக எப்படித் தெறப்பான்னு கேட்டாரு."

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். பின்னாலேயே மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு, "ஏறு, ஏறு, பின்னால ஹாரன் அடிக்கறான்," என்று பரமு கூப்பிட, பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். நாற்பது பேருக்காகவா? ஒரு லயம் முழுவதற்கும் வாய் திறந்தவள் நான். அது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னால்தானே தெரியும்.

நேர்முகம்

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்சிக் ஹாலிம், பணியாளர் பிரிவு அம்மாள் ஒருவர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர். நாங்கள் பேசியது மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க," என்றார் ஹாலிம்.

பெயரைச் சொன்னேன். பிரிவைச் சொன்னேன். வருடத்தைச் சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றுவிட்டேன். தலைமை அலுவலகக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இதோடு முடிந்தது, யாழினியிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். கதவைப் பார்த்தேன். எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

கதவைப் பார்த்தபோது வாய் தானாக ஒன்றைச் சொன்னது.

"என்சிக், வெளிய ஒருத்தி நிக்கிறா. அவளுக்காக நான் பேசட்டுமா?"

அந்த அம்மாள் திரும்பிக் கதவைப் பார்த்தார். ஹாலிம் பேனாவைக் கீழே வைத்தார். "பேசுங்க," என்றார்.

நான் எழுந்து நின்றேன். அதற்குப் பிறகு தடையே இல்லை.

"அவ பேரு சரஸ்வதி. போன வருசம் ரெண்டாவது லைன்ல ஒரே மாதிரி ஓட்டை விழுந்துக்கிட்டே இருந்துச்சு, நெனவிருக்கா? எல்லாரும் ரசாயனத்த மாத்துனாங்க, சூட்ட மாத்துனாங்க. அவ, ஓட்டைன்னு தள்ளுன கையுறைய எல்லாம் வரிசையா அடுக்கிப் பாத்தா. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுலதான் அத்தனை ஓட்டையும். கையுறை வார்க்கற ஏதோ ஒரு அச்சுல கீறல் இருக்குன்னு சொன்னா. மெக்கானிக் தேடி எடுத்தாரு. ரிப்போர்ட்ல மெக்கானிக் பேரு வந்துச்சு. அவ பேரு வரல. அவ ஒண்ணும் சொல்லல."

மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"புதுசா வந்த நேப்பாளப் பிள்ளைங்களுக்கு மலாய் தெரியாது. அவ கையப் புடிச்சுத்தான் சொல்லிக் கொடுப்பா. லைன்ல சண்ட வந்தா ரெண்டு பேரும் அவகிட்டதான் வருவாங்க. மூணு சூப்பர்வைசருக்கு அவதான் வேல கத்துக் கொடுத்தா. பன்னெண்டு வருசமா இங்கதான் இருக்கா, என்சிக். ஒருத்தர்கூட ஏன் அவளக் கூப்பிட்டு, ஒனக்கு என்னா வேணும்னு கேக்கல?"

கடைசி வார்த்தை கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. அஞ்சலை அக்காவுக்காக எனக்குக் கோபம் வந்திருக்கிறது, ஊரில் யார் யாருக்காகவோ வந்திருக்கிறது. அந்தச் சரஸ்வதிக்காக அன்றுதான் முதல் தடவையாக வந்தது. பாவம், அவளை யாருமே கவனிக்கவில்லையே என்றிருந்தது.

ஹாலிம் என்னையே பார்த்தார். "அவங்க எப்பவாச்சும் கேட்டாங்களா?"

நியாயமான கேள்வி.

"கேக்கல."

"இப்போ கேக்கறாங்களா?"

"கேக்கறா."

"கேக்கறது அவங்களா, நீங்களா?"

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றேன். "எனக்கு அந்த வேலை வேணும்."

கிடைக்கவில்லை

இரண்டு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார்கள். வேறு தொழிற்சாலையிலிருந்து ஓர் இளைஞரை எடுத்திருந்தார்கள். டிப்ளோமாக்காரர்.

பரமு வந்து தோளைத் தொட்டாள். "விடுலா, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

விட முடியவில்லை. தோட்டத்தில் துரை எத்தனை தடவை முடியாது என்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறேன், ஏனென்றால் அது யாருக்கோ சொன்னது. இது எனக்கே எனக்கென்று சொன்ன முதல் மறுப்பு. அது எப்படி உள்ளே போய்க் குடையும் என்று எனக்கு அந்த வயதுவரை தெரியாது. எங்கள் லயத்து ஜனங்கள் ஏன் அவ்வளவு கவனமாக அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார்கள் என்று அன்று விளங்கியது.

அது இரவு வாரம். சாயங்காலம் யாழினியிடம் சொன்னேன்.

"நீயே கேட்டியாம்மா?"

"நானேதான் கேட்டேன்."

"அப்புறமும் கொடுக்கலியா?"

"கொடுக்கல."

"சரி, நான் மாக் நோர் வீட்டுக்குப் போறேன்," என்று புத்தகப் பையை எடுத்துக்கொண்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். அவள் அப்படி அமைதியாகப் போனதுதான் என்னை உட்கார விடவில்லை.

எத்தனை மணிக்கு

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து எல்லாரும் பஸ்சுக்கு ஓடினார்கள். பரமுவைப் போகச் சொல்லிவிட்டு நான் ஹாலிமின் அறைக்கு வெளியே போய் நின்றேன். அவர் வர எட்டாயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் நாலு தடவை படியிறங்கிவிட்டு நாலு தடவையும் திரும்பி ஏறினேன்.

"ஏன் எனக்குக் கொடுக்கல?" என்றேன். மழையைப் பற்றியெல்லாம் பேசவில்லை.

அவர் கோபப்படவில்லை. கணினியில் ரிப்போர்ட் போட வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அது எனக்கு வராது என்றார். உண்மைதான். வலித்தது, ஆனால் உண்மை.

"புதுசா வர்றவருக்கு ஓட்டை பாக்கத் தெரியுமா?"

"நீங்க சொல்லிக் கொடுப்பீங்கல்ல."

"சொல்லிக் கொடுக்கறேன். அவரு பகல்ல வருவாரு. நான் பாதி மாசம் ராத்திரியில இருப்பேன். எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?"

அவர் ஷிப்ட் அட்டவணையை எடுத்துப் பார்த்தார்.

"என்னையும் பகல்ல போடுங்க," என்றேன். "அவருக்குச் சொல்லிக் கொடுக்கறது ஒரு காரணம். இன்னொண்ணு என்னோடது. வீட்டுல வயசுப் பிள்ளை இருக்கு. ராத்திரி அவகூட நான் இருக்கணும்."

"யோசிக்கணும்."

"எப்போ சொல்லுவீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"எத்தனை மணிக்கு?"

அவர் சிரித்துவிட்டார். "நாலு மணிக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் அந்தக் கதவைத் தட்டினேன். நான் நிஜமாகவே வருவேன் என்று அவர் நினைக்கவில்லை போலும், காகிதங்களுக்கு நடுவே எதையோ தேடினார். பிறகு சொன்னார்.

"திங்கக்கிழமையிலேருந்து நீங்க பகல். ஆறு மாசத்துக்கு. அப்புறம் பாக்கலாம்."

"தெரிமா காசே, என்சிக்," என்று நன்றி சொன்னேன். மனம் அதற்குள் வீட்டுக்கு ஓடி யாழினி முன்னால் நின்றுவிட்டது. அவள் கேட்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருப்பதா, போனவுடனே சொல்லிவிடுவதா என்று ஒரே தவிப்பு. கால் மட்டும் அந்த அறையை விட்டு நகரவில்லை.

ஹாலிம் தொலைபேசியை எடுத்தார். நான் இன்னும் நிற்பதைப் பார்த்துக் கீழே வைத்தார்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு. எனக்குத்தான்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.